‘இது இல்லாவிட்டால்?’: செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் இறுதித் தேர்வுக்குத் தயாராகும் முறை

டி.என்.ஏ. லைகேஸ் என்றால் என்ன என்று கல்லூரி இறுதித் தேர்வில் நேரடியாகக் கேட்பது குறைவு. லைகேஸ் பழுதான பாக்டீரியாவில் புதிதாக உருவான டி.என்.ஏ.வை இழை பிரித்து ஜெல்லில் ஓட்டினால் என்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள். முதல் கேள்விக்கு ‘டி.என்.ஏ. துண்டுகளை இணைக்கும் நொதி’ என்ற ஒரு வரி மனப்பாடம் போதும். இரண்டாவதற்கு, லைகேஸுக்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்க வேண்டும், நடுவில் அது நின்றுபோனால் எது தேங்கும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு இழையில் துண்டு துண்டாக உருவாகும் ஓக்கசாகி துண்டுகள் ஒன்றோடொன்று இணையாமல் குட்டையாகவே கிடக்கும் என்பது விடை.

படிக்கும் முறையும் இந்தக் கேள்வியின் வடிவத்திலேயே இருக்கட்டும். குறிப்பேட்டில் வரும் ஒவ்வொரு புரதத்துக்கும் எதிரே மூன்று வரி எழுதுங்கள்: இது இல்லாவிட்டால் எது தேங்கும், எது கிடைக்காமல் போகும், இது ஓயாமல் இயங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும். இந்த மூன்றையும் எழுத முடியாத புரதம் உங்களுக்குத் தெரியாத புரதம். அதன் பெயர் எத்தனை முறை கண்ணில் பட்டிருந்தாலும் சரி.

முதல் வேலை: பிரித்து வைப்பது

இரண்டு வாரம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எதையும் படிக்க உட்காராதீர்கள். பாடத்திட்டம், வகுப்புக் குறிப்புகள், ஏற்கெனவே எழுதிய இடைத்தேர்வுத் தாள்கள், பயிற்சிக் கணக்குகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தலைப்புகளை மூன்றாகப் பிரியுங்கள். வெற்றுத்தாளில் வரைந்து விளக்க முடிந்தவை ஒரு பக்கம். பார்த்தால் தெரியும், பார்க்காமல் வராது என்பவை இன்னொரு பக்கம். சுத்தமாகத் தெரியாதவை மூன்றாவது. இரண்டாவது கூட்டம்தான் ஆபத்தானது. படித்த பக்கத்தைத் திரும்பப் புரட்டும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். கண்ணுக்குப் பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நன்றாகவே காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் நடப்பதில்லை.

ஆகவே ஒரு தலைப்புக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் அதை இப்படிச் செலவிடலாம். முதல் 25 நிமிடம் குறிப்பைப் படியுங்கள். மூடிவிட்டு 15 நிமிடம் வெற்றுத்தாளில் முழுச் செயல்முறையையும் வரையுங்கள். சிவப்புப் பேனாவால் விட்டதையும் தவறானதையும் திருத்துங்கள். மீதி நேரம் முழுக்கக் கணக்குகளும் பழைய கேள்விகளும். மறுநாள் அந்தச் சிவப்புப் பகுதிகளை மட்டும் மறுபடி வரையுங்கள், பிறகு மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறை. நாளுக்கு இரண்டு தலைப்புக்கு மேல் வேண்டாம். கடைசி நான்கு நாளில் இரண்டு நாள் முழுத் தாளை நேரம் வைத்து எழுதவும், ஒரு நாள் தவறுகளைப் பார்க்கவும் ஒதுக்குங்கள். வண்ணப் பேனாவால் கோடு போடுவதைப் படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நினைவு அட்டைகள் அமினோ அமிலங்களின் தன்மை, நிறுத்தக் கோடான்கள் போன்ற தனித்தனித் தகவல்களுக்கு உதவும். செயல்முறைகளுக்கு உதவாது. ஒரு பாதையை இருபது அட்டைகளாக வெட்டினால் பாதை காணாமல் போய்விடும்.

டி.என்.ஏ. இரட்டிப்பாதல்: அம்புக்குறி இல்லாத படம் படமே அல்ல

இரட்டிப்பாதல் கவையை (பழைய இழைகள் பிரியும் இடத்தை) வரையும்போது முதலில் நான்கு இழைகளின் எட்டு முனைகளிலும் 5′, 3′ குறியுங்கள். அதற்குப் பிறகுதான் நொதிகள். பாலிமரேஸ் வார்ப்புரு இழையை 3′-இலிருந்து 5′ திசையில் படிக்கும், புதிய இழையை 5′-இலிருந்து 3′ திசையில் கட்டும். பாலிமரேஸால் புதிதாகத் தொடங்க முடியாது, இருக்கும் 3′ முனையில் சேர்க்க மட்டுமே முடியும். பிரைமர் என்ற குட்டித் தொடக்கத் துண்டு தேவைப்படுவதும், ஒரு பக்கம் துண்டு துண்டாக உருவாவதும், நேர்கோட்டுக் குரோமோசோமின் நுனி ஒவ்வொரு முறையும் குறைவதும் இந்த ஒரே விதியின் விளைவுகள். மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள் மூன்றிலும் குழம்புவார்கள்.

இனி உடைத்துப் பாருங்கள். ஹெலிகேஸ் இல்லை: இழைகள் பிரியாது, கவை நகராது. பிரைமேஸ் இல்லை: புதிய துண்டு எதுவும் தொடங்காது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. பாலிமரேஸ் I-இல் 5′-இலிருந்து 3′ நோக்கி வெட்டும் திறன் மட்டும் போய்விட்டது: ஆர்.என்.ஏ. பிரைமர்கள் அகலாமல் நிற்கும், லைகேஸ் நல்ல நிலையில் இருந்தும் இணைக்க முடியாது. டோபோஐசோமரேஸ் இல்லை: கவைக்கு முன்னால் முறுக்கு ஏறி ஏறி அது நின்றுவிடும். டெலோமரேஸ் (குரோமோசோம் நுனியை நீட்டும் நொதி) இல்லாத ஈ. கோலை பாக்டீரியா என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் ஆகாது. அதன் குரோமோசோம் வட்டமானது, நுனி என்று ஒன்று இல்லை. இந்தக் கேள்வியில் மதிப்பெண் போவது விஷயம் தெரியாமல் அல்ல, எந்த உயிரி என்று கவனிக்காமல்.

படியெடுத்தலிலும் மொழிபெயர்த்தலிலும் இதேபோல எந்த உயிரி என்பதை முதலில் பாருங்கள். பாக்டீரியாவில் 70எஸ் ரைபோசோம், படியெடுக்கும்போதே மொழிபெயர்ப்பும் தொடங்கிவிடும். நியூக்ளியஸ் உள்ள செல்லில் 80எஸ், முன்-எம்.ஆர்.என்.ஏ.வில் தொப்பி, இன்ட்ரான் நீக்கம், பாலி-ஏ வால் எல்லாம் முடிந்து சைட்டோபிளாசத்துக்கு வந்த பிறகுதான் மொழிபெயர்ப்பு.

லாக் ஓபரான்: மதிப்பெண் கொட்டிக் கிடக்கும் இடம்

லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் பாக்டீரிய ஜீன் தொகுதி இது. அதன் இரண்டு சுவிட்சுகளைத் தனித்தனியே எழுதிப் பழகுங்கள். லாக்டோஸ் இருந்தால், படியெடுப்பைத் தடுக்கும் ரெப்ரஸர் புரதம் தான் அமரும் டி.என்.ஏ. இடமான ஆப்பரேட்டரை விட்டு விலகும். குளுக்கோஸ் குறைந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும், அது கேப் என்ற ஊக்கிப் புரதத்தோடு சேர்ந்து, படியெடுப்பு தொடங்கும் இடமான புரோமோட்டர் அருகே அமர்ந்து ஆர்.என்.ஏ. பாலிமரேஸை அழைத்து வரும். நான்கு நிலைகள்: லாக்டோஸ் மட்டும் இருந்தால் வேகமான படியெடுப்பு. இரண்டும் இருந்தால் மெல்லிய படியெடுப்பு. குளுக்கோஸ் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இல்லை. இரண்டும் இல்லாவிட்டால்? கேப் அமர்ந்திருக்கிறது, ஆனால் ரெப்ரஸரும் அமர்ந்திருக்கிறது, எனவே இல்லை. நான்காவதில்தான் பலர் ‘குளுக்கோஸ் இல்லை, ஆகவே இயங்கும்’ என்று அவசரப்படுகிறார்கள்.

பிளாஸ்மிட் மூலம் ஓபரானின் இரண்டாவது பிரதி செல்லுக்குள் இருக்கும் கணக்குகளுக்கு ஒரே விதி போதும். பரவிச் செல்லும் பொருள், அதாவது ரெப்ரஸர் புரதம், இரண்டு பிரதிகளையும் கட்டுப்படுத்தும். டி.என்.ஏ.வில் உள்ள இடம், அதாவது ஆப்பரேட்டரும் புரோமோட்டரும், தான் ஒட்டியிருக்கும் பிரதியை மட்டுமே கட்டுப்படுத்தும். வரிசை வரிசையாகப் பாருங்கள். முதலில், லாக்டோஸை உடைக்கும் பீட்டா-காலக்டோசிடேஸ் நொதிக்கான நல்ல இசட் ஜீன் எந்தப் பிரதியில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பழுதான இசட் ஜீன் உள்ள பிரதியை, பீட்டா-காலக்டோசிடேஸைப் பொறுத்தவரை, கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். பிறகு அந்த நல்ல இசட் ஜீனோடு சேர்ந்திருக்கும் ஆப்பரேட்டர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, செல்லில் எங்காவது நல்ல ரெப்ரஸர் உருவாகிறதா என்று பாருங்கள்.

ஒரு மாதிரி: குரோமோசோமில் ரெப்ரஸர் ஒட்டாத ஆப்பரேட்டர், பழுதான இசட். பிளாஸ்மிட்டில் எல்லாம் இயல்பு. செல்லில் நல்ல ரெப்ரஸர் இருக்கிறது. லாக்டோஸ் இல்லாதபோது நொதி உருவாகுமா? உருவாகாது. ரெப்ரஸர் ஒட்டாத ஆப்பரேட்டர் பழுதான ஜீனைத்தான் ஓயாமல் இயக்குகிறது. அதே ஆப்பரேட்டரை நல்ல இசட் பக்கம் மாற்றினால், லாக்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதி வரும். லாக்டோஸுக்கு அசையாத ‘சூப்பர் ரெப்ரஸர்’ ஒரு பிரதியில் இருந்தால் இயல்பான ஆப்பரேட்டர் உள்ள இரண்டு பிரதிகளுமே அடங்கிப்போகும். இப்படிப் பத்துக் கணக்கு போட்டுவிட்டால் இந்தத் தலைப்பு முடிந்தது.

இரட்டைச் சடுதிமாற்றம்: இரண்டு விதிகள், ஒன்றுக்கொன்று நேர் எதிர்

புரதம் எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கை வழியாக வெளியே செல்லும் பாதையில் ஏ என்ற ஜீன் கெட்டால் புரதம் வலையிலேயே தேங்குகிறது, பி கெட்டால் கோல்கையைத் தாண்டிய பிறகு நுண்பைகளில் தேங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கெட்ட செல்லில் எங்கே தேங்கும்? வலையில். முன்னால் உள்ள தடையை யாரும் தாண்டிப் போவதில்லை. ஆகவே இரட்டைச் சடுதிமாற்றம் முந்தைய படியின் தோற்றத்தைக் காட்டும்.

சமிக்ஞைப் பாதையில் கதை வேறு. ஏற்பியின் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கீழே கடத்தும் ராஸ் புரதம் எப்போதும் இயங்கும் நிலையில் உறைந்திருக்கிறது, ஏற்பி இல்லை. செல் பெருகுமா? பெருகும். ராஸுக்கு மேலே என்ன நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. ராஸ் எப்போதும் இயங்குகிறது, கீழே உள்ள மெக் கைனேஸ் இல்லை. பெருகாது. இங்கே இரட்டைச் சடுதிமாற்றம் பாதையில் கீழே உள்ளதன் தோற்றத்தைக் காட்டுகிறது. எந்த விதி எங்கே என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு முறையும் பாதையை வரைந்து, உடைந்த இடத்தில் குறுக்குக்கோடு போட்டு, ஓயாமல் இயங்கும் இடத்திலிருந்து புதிய அம்பு வரைந்து பார்ப்பதே பாதுகாப்பு.

முகவரி வரிசைகளிலும் இப்படிக் கலந்து கேட்பார்கள். ஒரு புரதத்தின் தொடக்கத்தில் எண்டோபிளாச வலைக்கான சிக்னல் வரிசையும், நடுவில் நியூக்ளியஸுக்கான வரிசையும் இருந்தால் எங்கே போகும்? மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எஸ்.ஆர்.பி. (சிக்னல் வரிசையை அடையாளம் காணும் துகள்) பற்றிக்கொண்டு வலைக்குள் செலுத்திவிடும். நியூக்ளியஸ் வரிசையை வாசிக்கும் இம்போர்ட்டின் சைட்டோபிளாசத்தில் காத்திருக்கிறது, அதன் கண்ணில் இது படவே படாது. லைசோசோம் நொதிகளுக்கு மானோஸ்-6-பாஸ்பேட் குறி போடும் நொதி இல்லாவிட்டால் அவை செல்லுக்கு வெளியே கொட்டப்படும். ஐ-செல் நோய் இதுதான்.

சுவாசித்தல்: தடுப்பான்கள்

ஏ.டி.பி. எண்ணிக்கையைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு குளுக்கோஸுக்கு 30 முதல் 32 என்பது இன்றைய கணக்கு, பழைய நூல்களில் 36, 38 என்றிருக்கும். உங்கள் ஆசிரியர் சொன்னதை எழுதுங்கள். தேர்வு உண்மையில் சோதிப்பது எலக்ட்ரான் ஓட்டமும் புரோட்டான் ஓட்டமும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதை. சயனைடு எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியின் கடைசிக் கூட்டமைப்பை அடைக்கிறது: ஆக்சிஜன் நுகர்வு நிற்கும். ஒலிகோமைசின் ஏ.டி.பி. சிந்தேஸை அடைக்கிறது: புரோட்டான்கள் திரும்பி வர வழியின்றிச் சரிவு ஏறிப்போய் எலக்ட்ரான் ஓட்டமும் அடங்கும், அதனால் ஆக்சிஜன் நுகர்வும் வெகுவாகக் குறையும். டைநைட்ரோபீனால் புரோட்டான்களைச் சவ்வு வழியே கசியவிடும்: ஆக்சிஜன் நுகர்வு ஏறும், ஏ.டி.பி. உருவாகாது, சக்தி வெப்பமாகப் போகும். இப்போது கேள்வி: எந்த அடைப்புக்குப் பின் டைநைட்ரோபீனால் சேர்த்தால் ஆக்சிஜன் நுகர்வு மீளும்? ஒலிகோமைசினுக்குப் பின் மீளும், சயனைடுக்குப் பின் மீளாது. காரணத்தை இரண்டு வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

குரோமோசோம் எண்ணிக்கை

சென்ட்ரோமியரை எண்ணினால் குரோமோசோம், இரட்டைச்சுருளை எண்ணினால் டி.என்.ஏ. மூலக்கூறு. மனித செல்லில் ஜி1-இல் 46, 46. ஜி2-இல் 46, 92. மைட்டாசிஸ் அனாபேஸில் 92, 92. மியாசிஸ் ஒன்று முடிந்த செல்லில் 23, 46. இரண்டு முடிந்ததில் 23, 23. எஸ் நிலையில் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பதில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

சோதனைகளைப் படிக்கும் விதம்

ஆண்டையும் பெயரையும் மட்டும் தெரிந்து வைத்துப் பயனில்லை. ஒவ்வொரு புகழ்பெற்ற சோதனைக்கும், முடிவு எதிர்மாறாக வந்திருந்தால் என்ன பொருள் என்பதையும் எழுதிப் பாருங்கள். டி.என்.ஏ. எப்படி இரட்டிப்பாகிறது என்று அறிய மெசல்சன், ஸ்டால் 1958-இல் கன நைட்ரஜனில் வளர்த்த பாக்டீரியாவை இலேசான நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் டி.என்.ஏ.வை அடர்த்திப்படி பிரித்தபோது நடுவில் ஒரே பட்டை வந்தது. அதோடு பழைய இரட்டைச்சுருள் அப்படியே நீடிக்கும் என்ற கருத்து விழுந்தது, ஏனென்றால் அது சரியென்றால் கனமான பட்டை ஒன்றும் இலேசான பட்டை ஒன்றும் வந்திருக்க வேண்டும். ஆனால் பழையதும் புதியதும் சிதறிக் கலக்கும் என்ற கருத்தை முதல் தலைமுறை விலக்கவில்லை. இரண்டாம் தலைமுறையில் நடுப்பட்டையோடு இலேசான பட்டையும் தோன்றியபோதுதான் அது விழுந்தது. எந்தத் தலைமுறை எதை விலக்கியது என்பதே கேள்வியாக வரும்.

வைரஸின் மரபுப் பொருள் டி.என்.ஏ.வா புரதமா என்று சோதித்த ஹெர்ஷி, சேஸ் 1952-இல் பாஸ்பரஸ்-32, கந்தகம்-35 இரண்டையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. நைட்ரஜனுக்குக் கதிரியக்கக் குறி போட்டிருந்தால் இரண்டிலும் ஏறியிருக்கும், சோதனை ஒன்றும் சொல்லியிருக்காது.

ஆய்வுமுறைகளும் சிறு கணக்குகளும்

பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் முறை): சுமார் 95 டிகிரியில் இழை பிரிதல், 50 முதல் 65-இல் பிரைமர் ஒட்டுதல், 72-இல் நீளுதல். 30 சுற்று முழுத் திறனில் ஓடினால் ஒரு மூலக்கூறு சுமார் 107 கோடியாகும். துல்லியமான நீளமுள்ள இரட்டை இழைத் துண்டு மூன்றாவது சுற்றில்தான் முதலில் தோன்றும், வரைந்து சரிபாருங்கள். பிரைமர் எழுதச் சொன்னால் தவறு நடப்பது எப்போதும் பின் பிரைமரில். மேல் இழையின் கடைசி ஆறு காரங்கள் 5′ ஜி டி டி ஏ சி ஜி 3′ என்றால், பின் பிரைமர் 5′ சி ஜி டி ஏ ஏ சி 3′. இணைக் காரங்களை எழுதி, பிறகு திருப்பி எழுத வேண்டும். திருப்ப மறந்தால் பிரைமர் தலைகீழ். (உண்மையான பிரைமர் 18 முதல் 25 காரம் இருக்கும். ஆறு என்பது பயிற்சிக்காக.)

ஆறு கார இடத்தை வெட்டும் ஈகோ ஆர் ஒன் போன்ற நொதி சராசரியாக 4,096 காரத்துக்கு ஒருமுறை வெட்டும், நான்கின் ஆறாம் அடுக்கு அது. வட்ட பிளாஸ்மிட்டில் மூன்று வெட்டு மூன்று துண்டு, நேர்கோட்டு டி.என்.ஏ.வில் மூன்று வெட்டு நான்கு துண்டு. அமினோ அமிலத்தின் சராசரி எடை 110 டால்டன் என்று வைத்துக்கொண்டால், 1,000 காரக் குறியீட்டுப் பகுதி ஏறத்தாழ 37 கிலோடால்டன் புரதம் தரும். வெஸ்டர்ன் சோதனையில் (புரதத்தை அளவுப்படி பிரித்துக் காட்டுவது) பட்டை 20-இல் நிற்கிறது என்றால் நடுவில் நிறுத்தக் கோடானோ சட்டக மாற்றமோ வந்திருக்கிறதா, புரதம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று யோசிக்க அந்த எண் வேண்டும்.

நார்தர்னில் (ஆர்.என்.ஏ.வைக் காட்டும் சோதனை) எம்.ஆர்.என்.ஏ. இயல்பான அளவில் இருக்கிறது, வெஸ்டர்னில் புரதம் இல்லை. படியெடுத்தலில் சிக்கல் இல்லை, மொழிபெயர்ப்பில் அல்லது புரதச் சிதைவில் இருக்கிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதே அடுத்த கேள்வி: புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்து கொடுத்துப் பாருங்கள், புரதம் திரும்பத் தோன்றினால் சிதைவு.

ஓர் அயனியின் சமநிலை மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை 37 டிகிரியில் பொட்டாசியத்துக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே 140, வெளியே 5 மில்லிமோலார் என்றால் 61.5-ஐ 5/140-இன் மடக்கையால் பெருக்க, சுமார் −89 மில்லிவோல்ட். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டால் விடை +89 ஆகிவிடும். பொட்டாசியம் வெளியே ஓடப் பார்க்கிறது, ஆகவே உட்புறம் எதிர்மின்னாக இருக்க வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தாலே பிடிபட்டுவிடும்.

தேர்வு அறையில்

ஒரு தாள் குறிப்பு அனுமதி உண்டென்றால் அதில் வரையறைகளை நிரப்பாதீர்கள். யோசித்து வரவழைக்க முடியாதவை மட்டும் போகட்டும்: தடுப்பான்களின் பெயரும் இலக்கும், அமினோ அமிலத் தன்மைகள், மாறிலிகள்.

120 நிமிடம், 100 மதிப்பெண் என்றால் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டு மதிப்பெண்ணுக்கு 1.1 நிமிடம். பத்து மதிப்பெண் கேள்வியில் 15 நிமிடம் தாண்டினால் அடுத்த கேள்விக்கு நகருங்கள். ஜெல் படமோ வரைபடமோ வந்தால் கேள்வியைப் படிக்கும் முன் அச்சுகளையும் கட்டுப்பாட்டுத் தடத்தையும், எல்லாத் தடத்திலும் சம அளவு புரதம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கட்டுப்பாட்டுத் தடமே தவறியிருக்கும் படத்தைக் கொடுத்து ‘என்ன முடிவுக்கு வரலாம்’ என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. பலவுள் தெரிவில் விடைகளைக் கையால் மறைத்துவிட்டு மனதில் உங்கள் விடையைச் சொல்லுங்கள், பிறகு திறந்து பாருங்கள்.

கேள்விப்படாத புரதத்தின் பெயர் வந்தால் பதறாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றே போடப்பட்டது, வேண்டிய விவரம் கேள்வியிலேயே இருக்கும். விடையைச் சங்கிலியாக எழுதுங்கள்: இது கெட்டது, ஆகவே அது தேங்கியது, ஆகவே படத்தில் இந்தப் பட்டை தெரிகிறது. தெரிந்ததையெல்லாம் கொட்டுவது ஆபத்து, உபரியாக எழுதிய தவறான வரிக்கும் மதிப்பெண் வெட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

ஒதுக்கி வைத்த பத்து நிமிடத்தில் விடைகளை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லா இழைகளுக்கும் 5′, 3′ போட்டிருக்கிறதா, கணக்குகளில் அலகு இருக்கிறதா, எந்த உயிரி என்று கேட்டதற்கு ஏற்ப எழுதியிருக்கிறதா, கேள்வியின் இ பிரிவு, ஈ பிரிவு எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.